மன்னார் வளைகுடாவின் நீரோட்டங்களும் முத்துக்குளிப்பின் வரலாறும்: இயற்கை, உழைப்பு, உடைமை பற்றிய ஒரு நோக்கு

தமிழ்பேசும் மக்களின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் நிலத்தின் வரலாற்றையே எழுதியுள்ளனர். குளமும் வயலும், கோயிலும் பிரமதேயமும், பெருந்தோட்டமும் அதன் லயன்களும் ஆய்வுக்குரிய பொருள்களாயின. கடலோ, ஒன்றில் மன்னர்தம் படைகள் கடந்து சென்ற வழியாக, அல்லது புலவர் பாடிய நெய்தற் காட்சியாக மாத்திரமே நம் நூல்களில் இடம்பெறுகின்றது. கடலும் ஓர் உற்பத்திக் களம் என்பதும், நிலத்தைப் போலவே அக்களத்துக்கும் உடைமை உறவுகளும் உழைப்புப் பிரிவினையும் உண்டு என்பதும் போதிய அளவு உணரப்படவில்லை.

இக்குறையை உணர்த்துவதற்கு மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக உலகச் சந்தைக்கு முத்தளித்த இவ்வளைகுடாவின் பார்கள், காலத்துக்குக் காலம் திடீரென வெறுமையாயின. ஓராண்டிற் கோடிக்கணக்காகக் கிடைத்த சிப்பிகள் மறு ஆண்டில் ஒன்றுமில்லாது போயின. இது ஏன் என்ற வினாவுக்கு இருவகை விடைகள் கூறப்பட்டு வந்துள்ளன. நீரோட்டமும் மணலும் சிப்பிகளை அழித்தன என்பது ஒன்று. ஆட்சியாளரின் பேராசையே அழித்தது என்பது மற்றையது. முதலாவது விடையைக் குடியேற்ற ஆட்சியின் விஞ்ஞானிகளும் அதிகாரிகளும் விரும்பினர். இரண்டாவதைத் தேசிய நோக்குடைய எழுத்தாளர் விரும்பினர். இரண்டும் தனித்தனியே நின்று வரலாற்றை விளக்கப் போதியனவல்ல என்பதையும், இயற்கையின் இயக்கமும் உற்பத்தி உறவுகளும் ஒன்றையொன்று ஊடறுக்கும் இடத்திலேயே விடையைத் தேடல் வேண்டும் என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

முதலில் களத்தின் இயல்பை நோக்குவோம். மன்னார் வளைகுடா தெற்கே இந்து சமுத்திரத்தை நோக்கி அகலத் திறந்திருப்பது. வடக்கே ஏறக்குறைய மூடப்பட்டிருப்பது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளத்துக்கு மணற்றிட்டுகளும் பாறைகளும் தொடராக அமைந்துள்ளன. சேது என்றும் ஆதாம் பாலம் என்றும் வழங்கும் இத்தொடரின் பல இடங்களில் நீரின் ஆழம் ஒரு மனிதனின் உயரத்துக்கும் குறைவானது. இதற்கு மேற்கே, இராமேசுவரம் தீவுக்கும் இந்தியப் பெருநிலத்துக்கும் நடுவில், பாம்பன் வாய்க்கால் என்னும் ஒடுங்கிய வழி ஒன்றுண்டு. இவற்றுக்கு வடக்கே விரியும் பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. வளைகுடாவின் தென்பகுதியோ 1,000 மீற்றருக்கும் மேலாக ஆழ்ந்து செல்வது.

இவ்வமைப்பின் விளைவை நமது தலைமுறையினர் வேறொரு வழியாகவும் அறிந்துள்ளனர். 1958இலும் 1983இலும் இனவன்செயலுக்கு அஞ்சிக் கொழும்பில் அகதிகளான தமிழர்கள் காங்கேசன்துறைக்குக் கப்பலேற்றப்பட்டனர். 1983இல் அவர்கள் தங்கியிருந்த முகாம்களுள் இரத்மலானையும் ஒன்று. மேற்குக் கரையோரமாக நேரே வடக்கு நோக்கிச் செல்ல அக்கப்பல்களுக்கு வழியிருக்கவில்லை. தீவின் தெற்கையும் கிழக்கையும் சுற்றியே அவை செல்லவேண்டியிருந்தது. ஆதாம் பாலத்தின் ஆழமின்மையே இதற்குக் காரணம்.

கப்பல் கடக்க இயலாத அவ்விடத்தை நீர் கடக்கின்றது. அதன் திசையைத் தீர்மானிப்பது பருவக்காற்றாகும். வளைகுடாவில் வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவானதாகையால், இங்கு நீரோட்டத்தை ஆள்வது பெரும்பாலும் காற்றும், அயற்பெருங்கடல்களின் ஓட்டமுமே. யூன் முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில் அரபிக்கடற் பக்கமிருந்து வரும் நீர் வளைகுடாவில் வடக்கு நோக்கித் தள்ளப்படுகின்றது. அதன் ஒரு பகுதி பாம்பன் வழியாகவும் ஆதாம் பாலத்தின் இடைவெளிகள் வழியாகவும் பாக்கு விரிகுடாவினுட் புகுகின்றது. நவம்பர் முதல் சனவரி வரை நிலை தலைகீழாகின்றது. கங்கை, கோதாவரி, கிருஷ்ணா முதலிய பேராறுகளின் நன்னீர் கலந்து உப்புச்செறிவு குறைந்த வங்கக்கடல் நீர், இந்தியாவின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்குகின்றது. அதன் பெரும்பகுதி இலங்கையின் கிழக்கையும் தெற்கையும் சுற்றிச் செல்ல, ஒரு சிறுபகுதி பாக்கு நீரிணையூடாக வந்து மன்னார் வளைகுடாவிற் கலக்கின்றது. 1947இல் நிறுவப்பட்டுப் பின்னர் மண்டபத்திலிருந்து இயங்கிய இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர், 1950களிலேயே இவ்விரு கடற்பரப்புகளின் உப்புச்செறிவைத் திங்கள்தோறும் அளந்து, வாடைக்காலத்தில் அது தாழ்வதைப் பதிவு செய்துள்ளனர்.

ஆகவே இவ்வளைகுடா மூடிய குளமுமன்று, திறந்த பெருங்கடலுமன்று. ஆண்டில் இருமுறை தன் திசையை மாற்றிக்கொள்ளும் நீர், ஒடுங்கிய வாயில்களால் தடுக்கப்பட்டும் திருப்பப்பட்டும் இயங்கும் அரைமூடிய கடற்பரப்பு இது. இங்குள்ள உயிரின் வாழ்வும், அவ்வுயிரைத் தேடிச் செல்லும் மனிதனின் வாழ்வும் இவ்வியக்கத்தோடு பிணைக்கப்பட்டவை.

2

இவ்வியக்கத்தை முதலில் அறிந்தோர் விஞ்ஞானிகளல்லர், கடலில் உழைத்தோரே. ஈழத்துக் கரையோர மக்கள் தென்மேற்கிலிருந்து வருவதைச் சோளகம் என்றும், வடகிழக்கிலிருந்து வருவதை வாடை என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும், கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும் வழங்குவர். தமிழகத்தின் தென்கரை மீனவர் நீரோட்டத்தை நீவாடு என்பர். அதன் திசையையும் வலிமையையும் கொண்டு வலை விடும் இடத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பர். இச்சொற்களை வெறும் வட்டாரச் சொற்களாகக் கருதிச் சொல்லகராதிக்குள் அடக்கிவிடுவது நமது மொழியாராய்ச்சியின் குறைபாடு. உற்பத்தி நடைமுறையில் திரண்டு, அந்நடைமுறையாலேயே சோதிக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்பட்ட அறிவின் கருவிகள் இவை.

முத்துக்குளிப்பின் நாட்காட்டியே இவ்வறிவின் சான்றாகும். சலாபம் என வழங்கிய குளிப்புப் பருவம் பொதுவாக மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில், சில வாரங்களுக்கு மாத்திரமே நீடித்தது. வாடை தணிந்து, சோளகம் இன்னும் எழாத இடைவெளி அது. நீரோட்டம் தளர்ந்து, கடல் தெளிந்து, கடலடி கண்ணுக்குத் தெரியும் காலம் அது. தோணிகள் நள்ளிரவில் நிலக்காற்றைத் துணைக்கொண்டு பார்களுக்குப் புறப்பட்டன. பிற்பகலிற் கடற்காற்றோடு கரை மீண்டன. குளியாள் கல்லைக் காலிற் பற்றி ஐந்து முதல் பத்துப் பாகம் வரை ஆழ்ந்து, ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்துக்குள் சிப்பிகளைக் கூடையில் வாரிக்கொண்டு மேலெழுந்தான். ஒரு பருவத்தின் முழு விளைவும் இம்மூச்சின் நீளத்திலேயே தங்கியிருந்தது.

இத்தொழிலோடு இணைந்திருந்த கடற்கட்டி என்னும் மந்திரவாதியையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். சுறாக்களின் வாயைக் கட்டுபவன் எனக் கருதப்பட்ட இவனின்றிக் குளியாட்கள் கடலில் இறங்க மறுத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, இத்தகையோருக்கு விளைவில் இருபதிலொரு பங்கு வழங்கப்பட்டதாக எழுதியுள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் பிரித்தானிய அரசாங்கம் இவர்களுக்கு ஊதியம் வழங்கிற்று. மந்திரத்தை நம்பாத அரசு மந்திரவாதிக்குக் கூலி கொடுத்தமை வியப்பன்று. உழைப்பாளியின் அச்சத்தைத் தணிப்பதும் உற்பத்திச் செலவுகளுள் ஒன்று என்பதை அவ்வரசு நன்கறிந்திருந்தது. தொழில்நுட்பம் எட்டாத இடத்தில் மந்திரம் உழைப்பின் துணைக்கருவியாகும் என்ற பொது விதிக்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

மக்களின் அறிவை இவ்வாறு மதிப்பதனால் அதனைப் பிழையற்றதாகக் கொள்ளல் வேண்டுமென்பதில்லை. இதற்குரிய எடுத்துக்காட்டைப் பின்னர்க் காண்போம்.

3

பண்டைய வரலாற்றில் வளைகுடாவின் நீரியல்பு இருவகையாகத் தொழிற்பட்டது. ஒன்று, அது துறைமுகங்களை உருவாக்கிற்று. ஆதாம் பாலத்தைப் பெருங்கலங்கள் கடக்க இயலாமையால் அதன் அருகே சரக்கை இறக்கி மாற்றும் தேவை எழுந்தது. திருக்கேதீச்சரத்தை அடுத்துள்ள மாதோட்டம் அரபிக்கடல் வாணிபமும் வங்கக்கடல் வாணிபமும் சந்திக்கும் துறையாக வளர்ந்தமைக்கு இதுவே அடிப்படை. 1980 முதல் 1984 வரை அங்கு நடத்தப்பட்ட அகழாய்வுகள் மேற்காசியாவோடும் சீனத்தோடும் அதற்கிருந்த தொடர்புகளை வெளிக்கொணர்ந்தன. ஆனால் இத்துறையின் எழுச்சியையும் தளர்ச்சியையும் மணற்றிட்டு மாத்திரம் விளக்கமாட்டாது. மணற்றிட்டு அங்கேயே இருந்தது, இன்றும் இருக்கின்றது. மாதோட்டம் சோழர் ஆட்சியில் இராசராசபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றதும், பின்னர் பொலிவிழந்ததும், அநுராதபுர அரசின் வீழ்ச்சியோடும் வாணிப வழிகளின் மாற்றத்தோடும் இணைந்த நிகழ்ச்சிகளாகும்.

மற்றொன்று, நீரும் மணலும் துறைமுகங்களை அழிக்கவும் செய்தன. பாண்டியரின் முத்துத்துறையாகிய கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே அமைந்த சிற்றூர். தாமிரபரணி கொணர்ந்த வண்டலும், அதனைக் கரையோரமாகப் பரப்பிய கடலும் துறையைத் தூர்த்தன. முத்து வாணிபம் பழையகாயலுக்கும், பின்னர் காயல்பட்டினத்துக்கும் தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது.

இவ்விரு துறைகளுக்கும் பின்னால் நின்ற உழைப்பைப் பற்றி நமது இலக்கியம் சொல்வது சிறிது. சொல்லாது விட்டது பெரிது. மதுரைக்காஞ்சி கொற்கை முத்தைப் பாண்டியனின் பெருமைகளுள் ஒன்றாக வைக்கின்றது. சிலப்பதிகாரத்திற் பாண்டிமாதேவியின் சிலம்புக்குப் பரலாய் அமைவது முத்து. அகநானூற்றிலே சுறா திரியும் கடலில் மூழ்கும் பரதவர் தலைகாட்டுகின்றனர். எனினும் அவர்கள் தலைவியின் ஊரைச் சிறப்பிக்கும் அடைமொழியாகவே நிற்கின்றனர். அக்காலத்தே எழுந்த கிரேக்க வணிகக் கையேடாகிய பெரிப்புளூஸ், பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பிலே தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுவதை இவற்றோடு சேர்த்து வாசித்தல் வேண்டும். அரசனின் மார்பிற் கிடந்த முத்தைப் புலவன் கண்டான். அதற்கெனக் கடலுள் இறக்கப்பட்ட கைதியை வணிகன் கண்டான். இரண்டையும் ஒருங்கே காண்பது நமது கடமை.

பதினாறாம் நூற்றாண்டில் முத்துப்பார்களின் மீதான உரிமையே பெரும் சமூக மாற்றத்துக்குக் காலாயிற்று. முஸ்லிம் வணிகருக்கும் பரதவருக்கும் இடையே குளிப்புரிமை பற்றி எழுந்த மோதலிற் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிய பரதவர், 1530களின் நடுப்பகுதியிற் பெருந்தொகையாகக் கத்தோலிக்கராயினர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தபோது அக்கரை முழுவதும் இம்மாற்றம் பரவியிருந்தது. 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். 1658இல் மன்னாரும் தூத்துக்குடியும் ஒல்லாந்தர் வசமாயின. வளைகுடாவின் இருகரைகளையும் ஒரே வல்லரசு தன் பிடியில் வைத்திருக்க முயன்றமை தற்செயலன்று. இளஞ்சிப்பி எக்கரையிலிருந்து எக்கரைக்கு மிதந்து சென்றாலும் விளைவு ஒருவருக்கே உரியதாதல் வேண்டும் என்பதே அதன் பொருள்.

4

1796இல் பிரித்தானியர் இப்பார்களைக் கைப்பற்றிய வேளையில், அவை இலங்கைப் பக்கத்தில் நெடுங்காலம் குளிக்கப்படாது கிடந்தன. 1796, 1797, 1798 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து குளிப்பு நடத்தப்பட்டது. பெரும் வருமானம் கிடைத்தது. அவ்வருமானம் புதிய குடியேற்ற அரசுக்கு நிலையான ஊற்றாய் அமையும் என்ற நம்பிக்கையும் பிறந்தது. முதலாவது தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அரிப்பிலே கடலை நோக்கி எழுப்பிய மாளிகை, அந்நம்பிக்கையின் சின்னமாகும். ஆனால் பார்கள் கணக்கேட்டுக்கு அடங்கவில்லை. 1837இன் பின்னர் 1855 வரை இலங்கையிற் குளிப்பே நடைபெறவில்லை. 1891இன் பின்னர் 1903 வரை மீண்டும் ஓர் இடைவெளி நேர்ந்தது.

மறுகரையிலும் இதே நிலைதான். தூத்துக்குடியில் 1830இன் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குளிப்பில்லை. இதற்கு அக்காலத்திலேயே முன்வைக்கப்பட்ட ஒரு காரணம் நமது கவனத்துக்குரியது. கப்பற் போக்குவரத்துக்காகப் பாம்பன் வாய்க்கால் ஆழமாக்கப்பட்டு அகலப்படுத்தப்பட்டதால் நீரோட்டம் வலுத்தது. அதனால் இளஞ்சிப்பிகள் பார்களிற் பற்றிக்கொள்ள இயலாது போயிற்று என்பதே அது. இக்கருத்து முழுவதும் சரியா என்பதைவிட, நீரோட்டத்தையே மனிதச் செயல் மாற்றக்கூடும் என்ற உணர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்திருந்தமை முக்கியமானது. இயற்கைக் காரணம், மனிதக் காரணம் என்ற பாகுபாடு இவ்விடத்திற் தகர்ந்துவிடுகின்றது.

வெறுமையின் காரணத்தைக் கண்டறியுமாறு பிரித்தானிய அரசு லிவர்ப்பூல் விலங்கியற் பேராசிரியர் வில்லியம் ஹேர்ட்மனை நியமித்தது. 1902இன் தொடக்கத்தில் இலங்கை வந்த அவர், ஜேம்ஸ் ஹோர்னெலின் துணையோடு பார்களை ஆராய்ந்தார். ஆய்வின் முடிவுகள் 1903 முதல் 1906 வரை இலண்டன் வேத்தியற் கழகத்தாரால் ஐந்து தொகுதிகளாக வெளியிடப்பட்டன. மன்னார் வளைகுடாவின் உயிரியலுக்கு அவை இன்றும் அடிப்படை நூல்களாகும்.

ஹேர்ட்மன் கண்டவற்றுள் தலையாயது பெரிய பார் பற்றியது. 1880க்கும் 1902க்கும் இடையில் அப்பாரில் இளஞ்சிப்பிகள் குறைந்தது 11 தடவை பெருந்தொகையாகக் குடியேறின. எனினும் ஒரு தடவையேனும் அவை குளிப்புக்குரிய பருவத்தை எட்டவில்லை. பாரின் மேற்கு விளிம்பை அடுத்துக் கடலடி செங்குத்தாக ஆழத்துக்கு இறங்குகின்றது. சோளகக் காலத்தில் வடக்கு நோக்கிப் பாயும் நீர் அவ்விளிம்பிலே முழு வேகத்தோடு மோதி, மணலைக் கிளறி, சிப்பிகளை அள்ளிச் செல்கின்றது, அல்லது புதைத்துவிடுகின்றது. 1902 மார்ச்சில் அங்கே பரந்து கிடந்த இளஞ்சிப்பிகள் நவம்பரில் முற்றாக மறைந்திருந்தன.

உள்ளூர் மக்கள் இப்பாரைத் தாய்ப்பார் என வழங்கினர். இங்கு தோன்றும் குஞ்சுகளே பெயர்ந்து சென்று கரைக்கு அண்மையிலுள்ள பார்களை நிரப்புகின்றன என்பது அவர்தம் நம்பிக்கை. ஹேர்ட்மன் இதனை மறுத்தார். மறைந்த சிப்பிகள் வேறெங்கும் செல்லவில்லை, அழிந்தன என்றார். மக்களின் அவதானம், அதாவது குஞ்சுகள் கூட்டமாய் வருகின்றன, கூட்டமாய் மறைகின்றன என்பது, சரியாகவே இருந்தது. அவதானத்திலிருந்து அவர்கள் வந்தடைந்த முடிவு பிழையாயிற்று. நடைமுறை அறிவையும் முறைசார் விஞ்ஞானத்தையும் எதிரெதிரே நிறுத்தி, ஒன்றைப் போற்றி மற்றையதைத் தூற்றுவது இயங்கியல் நோக்குக்கு ஒவ்வாது. ஹேர்ட்மன் பரிந்துரைத்த பரிகாரமோ நடைமுறைக்குரியது: பெரிய பாரிற் சாகவிருக்கும் குஞ்சுகளை வாரி, செவல் பார் போன்ற பாதுகாப்பான பார்களில் இடுதல் வேண்டும்.

ஆகவே நீரோட்டம் பற்றிய ஹேர்ட்மனின் கூற்று பொய்யன்று. நமது வினா வேறு. உண்மையான ஒரு விஞ்ஞான முடிவு எந்தச் சமூகப் பயனுக்காகக் கையாளப்பட்டது என்பதே அது.

5

1903 முதல் பார்கள் மீண்டும் விளைந்தன. மரிச்சுக்கட்டியில் ஆண்டுதோறும் ஒரு தற்காலிக நகரம் எழுந்தது. தூத்துக்குடி, கீழக்கரை, யாழ்ப்பாணம் முதலிய இடங்களிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் குளியாட்கள் வந்தனர். 1905இல் மாத்திரம் ஏறத்தாழ 8 கோடி சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. எஞ்சிய ஒரு பங்கே தோணியாருக்கும் குளியாட்களுக்கும் உரியது. அரசின் பங்கு அன்றன்று மாலையே ஏலத்தில் விற்கப்பட்டது. 1906இல் அங்கு கடமையாற்றிய இளம் சிவில் உத்தியோகத்தர் லெனார்ட் வூல்ஃப், பிற்காலத்தில் ஏகாதிபத்தியத்தின் விமர்சகரானார். அவ்வனுபவத்தைக் கருவாகக் கொண்டு அவர் எழுதிய சிறுகதையும் தன்வரலாறும், ஆட்சியாளனின் கண்ணூடாகவேனும் அம்முகாமின் துர்நாற்றத்தையும் பிணங்களையும் நமக்குக் காட்டுகின்றன.

இவ்வாறு பார்கள் செழித்திருந்த வேளையிலேதான் அரசு அவற்றைத் தனியார் முதலுக்குக் கையளித்தது. 1906இல் இலண்டனிற் பதிவான இலங்கை முத்துக்குளிப்புக் கம்பனிக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபா வாடகையில், 20 ஆண்டுகளுக்குப் பார்கள் குத்தகைக்கு விடப்பட்டன. விஞ்ஞானம் நீரோட்டத்தின் இயல்பை விளக்கிவிட்டது. இனிக் குஞ்சுகளைப் பெயர்த்து நட்டு, கடலைத் தோட்டம்போல் நடத்தலாம் என்ற நம்பிக்கை பங்குதாரருக்கு ஊட்டப்பட்டது. 1907இன் பின்னர் குளிப்புக்குரிய சிப்பிகள் கிடைக்கவில்லை. குத்தகைக் காலம் முடியுமுன்னரே கம்பனி கலைந்தது. இலங்கையில் அடுத்த பெருங்குளிப்பு 1925இலேயே நடந்தது.

இவ்விடத்தில் இழப்பின் பங்கீட்டை நோக்குதல் வேண்டும். நீரோட்டம் சிப்பியை அள்ளிச் சென்றபோது அரசுக்கு ஒரு வரவுத் தலைப்பு குறைந்தது. அதற்குத் தேயிலையும் றப்பரும் இருந்தன. கம்பனியின் பங்குதாரர் இட்ட முதலை இழந்தனர். பங்குக்கு மேல் அவர்களுக்குப் பொறுப்பில்லை. குளியாளோ முழு வாழ்வாதாரத்தையும் இழந்தான். விளைந்த ஆண்டில் அவனுக்கு மூன்றிலொன்றின் ஒரு துண்டு. விளையாத ஆண்டில் வெறுமை முழுவதும் அவனுடையது. செல்வத்தின் ஊற்று உழைப்பு மாத்திரமன்று, இயற்கையும் அதேயளவு ஊற்றாகும் என்பதை 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ் வற்புறுத்தினார். இயற்கையை ஒருவன் தன் உடைமையாக்கிக் கொள்ளும்போதே மற்றவனின் உழைப்பு அவனுக்கு அடிமையாகின்றது என்பது அவ்விமர்சனத்தின் சாரம். பார்களின் மீதான அரசுரிமையும் கம்பனியின் குத்தகையும் இதனையே கடலில் நிகழ்த்தின. சிப்பியை அழித்தது நீரோட்டம் எனலாம். அவ்வழிவைக் குளியாளின் பட்டினியாக மாற்றியது நீரோட்டமன்று.

இறுதியில் இயற்கை முத்தின் சந்தையையே யப்பானிய வளர்ப்பு முத்து 1920களிலும் 1930களிலும் வீழ்த்திற்று. தூத்துக்குடிப் பக்கத்திற் கடைசியாக 1955 முதல் 1961 வரை குளிப்புகள் நடந்தன. 1973இல் தூத்துக்குடியில் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி வளர்ப்பு முத்தை வெற்றிகரமாக உருவாக்கினார். ஆயினும் சங்கும் மீனும் கடலட்டையும் தேடும் உழைப்பு தொடர்கின்றது.

6

மேற்காட்டிய வரலாறு முடிந்துபோன ஒன்றன்று. 1860இல் முதன்முதல் முன்மொழியப்பட்ட சேதுக் கால்வாய்த் திட்டம் 2005 யூலையில் தொடக்கி வைக்கப்பட்டது. 2007இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஆதாம் பாலப் பகுதியில் அகழ்வைத் தடுத்தது. அதனைச் சுற்றியெழுந்த வாதங்களில் இராமன் கட்டிய பாலமா, தமிழகத்தின் வளர்ச்சியா என்பவையே பேரொலி பெற்றன. இரு கடல்களின் நீரோட்டமும் மணலும் எவ்வாறு மாறும், பாறையையும் பாரையும் நம்பியுள்ள சிறுதொழில் மீனவர் என்னாவார் என்ற வினாக்கள் மீனவர் அமைப்புகளாலும் சில விஞ்ஞானிகளாலுமே எழுப்பப்பட்டன. பாம்பன் வாய்க்காலைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் எழுந்த ஐயத்தை நம் அரசியல் மறந்திருந்தது.

1974இலும் 1976இலும் செய்யப்பட்ட ஒப்பந்தங்கள் இக்கடலின் நடுவே எல்லைக்கோடு வரைந்தன. நீருக்கும் குஞ்சுக்கும் எல்லையில்லை, மீனவனுக்கு எல்லையுண்டு. 1960களிலிருந்து தமிழகக் கரையிற் பெருகிய இழுவைப்படகுகள் தம் கரையோரத்தின் கடலடியை வறிதாக்கியபின், போரினால் தொழிலிழந்திருந்த வடபுலத்துக் கடலை நாடின. 2009இன் பின் தம் கடலுக்கு மீண்ட மன்னார், யாழ்ப்பாண மீனவரின் வலைகளை அவை அறுத்தன. 2017இல் இலங்கை இழுவை மடித் தொழிலைச் சட்டத்தாற் தடைசெய்தது. இதனைத் தமிழர் இருசாராரின் சகோதரச் சண்டை என்று துயருறுவதும், இரு நாடுகளின் எல்லைப் பிணக்கு என்று சுருக்குவதும் ஒருசேரப் பிழையாகும். இழுவைப்படகின் உடைமையாளன் கரையில் இருக்கின்றான். அதிற் கூலிக்குச் செல்பவன் சிறையிலிருக்கின்றான். வலையிழந்தவன் கடனிலிருக்கின்றான். முரண்பாட்டின் அச்சு முதலுக்கும் உழைப்புக்கும் இடையிலானது. அதனை மொழியுறவும் மறைக்கின்றது, எல்லைக்கோடும் மறைக்கின்றது.

கொழும்பின் கரையிலுள்ளோருக்கு இவ்வுண்மை 2021இல் வீட்டுவாயிலுக்கே வந்தது. முத்து என்ற பொருள்படும் பெயரைத் தாங்கிய எக்ஸ்-பிறஸ் பேர்ள் என்னும் கொள்கலக் கப்பல், அவ்வாண்டு மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றி, யூனிற் கடலில் மூழ்கியது. அதிலிருந்து சிதறிய ஏறத்தாழ 1,680 தொன் பிளாத்திக்கு மணிகளைச் சோளகமும் அதன் நீரோட்டமும் மேற்குக் கரை நெடுகிலும் பரப்பின. கரையோர மீனவர் கடலுக்குச் செல்லத் தடைவிதிக்கப்பட்டது. 2025 யூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் கப்பலின் தரப்பினர் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தல் வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. இழப்பை மீனவனே தாங்குதல் வேண்டும் என்ற பழைய விதியை ஒரு நீதிமன்றம் ஏற்க மறுத்தமை வரவேற்கத்தக்கது. ஆயினும் தீர்ப்பு வேறு, இழப்பீடு உழைப்பாளியின் கைக்குச் சேர்வது வேறு. அவ்விடைவெளியை நிரப்புவது அமைப்பாய்த் திரண்ட மக்களின் போராட்டமேயாகும்.

தொகுத்து நோக்குமிடத்து, மன்னார் வளைகுடாவின் வரலாறு நமக்கு இரு படிப்பினைகளைத் தருகின்றது. இயற்கையின் விதிகளைப் புறக்கணித்துச் சமூக உறவுகளை மட்டும் பேசும் ஆய்வு, 1837இன் வெறுமையையோ பெரிய பாரின் அழிவையோ விளக்கமாட்டாது. இயற்கையின் விதிகளை மட்டும் பேசும் ஆய்வு, ஒரே நீரோட்டம் ஒருவனுக்கு வரவுக்குறைவாகவும் இன்னொருவனுக்குப் பட்டினியாகவும் அமைந்ததேன் என்பதை விளக்கமாட்டாது. அரிப்பிலுள்ள நோர்த்தின் மாளிகை இன்று சிதைந்து, அதன் அடிநிலத்தைக் கடல் சிறிது சிறிதாக அரித்துக்கொண்டிருக்கின்றது. பார்களின் மீது உரிமை கொண்டாடிய அரசுகள் ஒவ்வொன்றாக அகன்றன. அக்கரையில் எஞ்சியிருப்போர் கடலை அறிந்து உழைக்கும் மக்களே. அவர்களின் அறிவையும் உழைப்பையும் உரிமையையும் நடுவே வைத்து எழுதப்படும் கடல் வரலாறு நமக்குத் தேவை. அதற்கான சான்றுகள் ஆட்சியாளரின் ஏடுகளில் மட்டுமன்றி, தோணிக்காரனின் சொற்களிலும் உள்ளன.